உறைநிலையில் உயிர்க்கலங்கள்: மில்ஹில் குப்பியும் அதன் பின்னும்

உயிர்க்கலங்களை உறையவைத்துப் பேணும் முறை தற்செயலாகத் தோன்றியதென்றே பலரும் எழுதிவந்துள்ளனர். அக்கூற்று பாதியளவே உண்மையாகும்.

இலண்டன் மில்ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில், 1948ஆம் ஆண்டளவில், அலன் பார்க்ஸ், ஓட்ரி சிமித், கிறிஸ்தோபர் பொல்ஜ் ஆகியோர் சேவலின் விந்தைப் பழவெல்லக் கரைசலில் உறையவைக்க முயன்று தோல்வியுற்றனர். சில மாதங்களின் பின்னர், குளிரறையிற் கிடந்த பழைய குப்பியொன்றைக் கொண்டு அச்சோதனையை மீண்டும் செய்தபோது, −79 பாகை செல்சியசில் உறைந்த விந்தணுக்கள் உருகியதும் அசையத் தொடங்கின. புதிதாக ஆக்கிய பழவெல்லக் கரைசலோ பயன் தரவில்லை. குப்பியில் எஞ்சியிருந்தது பத்துப் பதினைந்து மில்லிலீற்றரே. அதனை அவர்கள் இரசாயனப் பகுப்பாய்வுக்குக் கொடுத்தனர். அதில் வெல்லம் சிறிதுமில்லை. நீரும் கிளிசரோலும் புரதமுமே இருந்தன. நுணுக்குக்காட்டி வேலைக்கான அல்புமின் கலவை அக்குப்பியோடு மாறிப்போயிருந்தது. குப்பி மாறியது தற்செயல்தான். ஆயின் எஞ்சிய துளியைப் பகுப்பாய்வுக்கு அனுப்பத் துணிந்ததைத் தற்செயலென்று கூறுதல் பொருந்தாது. பிரான்சிய உயிரியலாளர் ஜீன் ரொஸ்ராண்ட், தவளை விந்தைக் குளிரிலிருந்து கிளிசரோல் காப்பதை 1946இலேயே வெளியிட்டிருந்தார் என்பதும் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

மில்ஹில் முடிவுகள் 1949இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டே சிமித் செங்குழியங்களை இம்முறையாற் பேணினார். உறைந்த விந்தினாற் கருத்தரித்த முதற் கன்று 1951இற் பிறந்தது. நீர் உறையுங்கால் எஞ்சிய கரைசலில் உப்பின் செறிவு மிகுதலே கலத்தைச் சிதைக்கின்றதென்றும், கிளிசரோல் அச்செறிவைத் தணிக்கின்றதென்றும் ஜேம்ஸ் லவ்லொக் 1953இல் விளக்கினார். காரணம் துலங்கியபின் பிற காப்புப் பொருள்களைத் தேடுதல் எளிதாயிற்று.

1972இல் எலியின் முளையங்கள் உறையவைத்து மீட்கப்பட்டன. 1984இல் உறைந்த முளையத்திலிருந்து முதன்முதலாக மனிதக் குழந்தை மெல்பேணிற் பிறந்தது. இன்று என்பு மச்சை, தொப்புட்கொடிக் குருதி, புற்றுநோய்ச் சிகிச்சைக்கான நிர்ப்பீடனக் கலங்கள் யாவும் திரவ நைதரசனைக் கொண்டு பேணப்படுகின்றன. தேவை பெருகியதன் காரணத்தை ஒரு நிகழ்ச்சியே உணர்த்தும். பெல்ஜியத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்னர் 1997இல் எடுத்து உறையவைத்த சூலக இழையத்தை மீண்டும் பொருத்தியபின், அப்பெண் 2004இல் தாயானார். அவ்விழையம் பேணப்படாதிருப்பின், உயிரைக் காத்த மருந்தே அவரது தாய்மையைப் பறித்திருக்கும்.

முழு உறுப்பின் நிலை வேறு. கனத்த உறுப்பு எங்கணும் ஒரே கதியிற் குளிர்வதுமில்லை, வெப்பமடைவதுமில்லை. மீட்கும்போது பளிங்குகளும் வெடிப்புகளும் தோன்றுகின்றன. 2023இல் மினசோற்றா பல்கலைக்கழகத்தார், எலிச் சிறுநீரகத்தைப் பளிங்காகவிடாது கண்ணாடிநிலையில் 100 நாள்வரை பேணி, இரும்பொட்சைட்டு நுண்துணிக்கைகளைக் காந்தப்புலத்தாற் சூடாக்கி மீட்டு, வேறோர் எலியிற் பொருத்தி இயங்கச் செய்தனர். மனிதச் சிறுநீரகமோ அதனிலும் பன்மடங்கு பெரிது. பனிக்கட்டியிட்ட பெட்டியில் அது ஏறத்தாழ ஒன்றரை நாளே தாங்கும். அதற்குள் உரிய நோயாளியைக் கண்டடைய வேண்டியுள்ளது.