போலியோ தடுப்பு மருந்துகள்

இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோவைத் தடுக்கும் மருந்துகள் இரு வகைப்படும்.

ஊசி மருந்து: ஜோனாஸ் சால்க் உருவாக்கியது, 1955இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. இதில் செயலிழக்கச் செய்த வைரஸ் உள்ளது. இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி நரம்புகளைக் காக்கிறது.

சொட்டு மருந்து: ஆல்பர்ட் சேபின் உருவாக்கியது. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்டது. குடலிலேயே எதிர்ப்பாற்றலை வளர்ப்பதால் நோய் பரவலையும் தடுக்கிறது. மிக அரிதாக இவ்வைரஸ் மீண்டும் வீரியம் பெறக்கூடும் என்பதால் பல நாடுகள் ஊசிக்கு மாறிவிட்டன.

இந்தியாவில் இரண்டும் வழங்கப்படுகின்றன. சொட்டு மருந்து முகாம்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு சொட்டு புகட்டி, இடக்கைச் சுண்டுவிரலில் மை வைப்பர். நாட்டின் கடைசி இயற்கைவகை போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் நீடிக்கும் நோய் அங்கிருந்து மீண்டும் வரக்கூடும் என்பதால், எந்தத் தவணையையும் தவறவிடக் கூடாது.