பாப்லர் மொட்டும் பச்சைக் களிம்பும்

ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளில் ஓங்கி வளரும் கரும்பாப்லர் மரம், நம் பூவரசின் இலையை ஏறக்குறைய ஒத்த இலைகளை உடையது. குளிர்காலத்தில் அவற்றையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கிளைகளோடு நிற்கும்போதும், வரப்போகும் வசந்தத்துக்கு உரிய தளிர்களைச் சிறு சிறு மொட்டுகளுக்குள் சுருட்டிவைத்து, அவற்றின் மேல் செம்பழுப்பு நிறப் பிசின் ஒன்றைப் பூசிக் காத்துவருவது. அம்மொட்டை விரல்களுக்கிடையே நசுக்கினால் பிசின் கசிந்து ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை நீரில் கழுவினாலும் போகாது. எண்ணெயோ சாராயமோ இட்டுத்தான் போக்கவேண்டும். நீருக்கு இணங்காமல் கொழுப்புக்கு இணங்கும் இந்த ஒரு குணத்தை ஆதாரமாகக் கொண்டு பிறந்த 'பாப்புலியோன்' என்னும் களிம்பு, ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் ஐரோப்பிய ஔஷதசாலைகளில் நிலைபெற்றிருந்தது.

இத்தாலியின் ஸலேர்னோ நகரத்து வைத்தியப் பரம்பரையைச் சார்ந்து 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டு, 1471இல் வெனிஸ் நகரில் அச்சேறிய 'அந்திடோடாரியம் நிக்கோலாய்' என்னும் மருந்து நூலில் இதன் செய்முறை காணப்படுகிறது. மணத்தக்காளி இலை, கசகசாச் செடியின் இலை, நம் நாட்டு மருந்துக் கடைகளில் குரோசாணி ஓமம் என்று விற்கப்படும் விதைக்கு உரிய செடியின் தழை, மாண்டிரேக் என்னும் நச்சுச் செடியின் இலை முதலியவை இதில் சேரவேண்டும். ஆனால் மொட்டு விரிந்துவிட்டால் பிசின் வீணாகிவிடும் ஆதலால், அதைக் குளிர் முற்றும் நீங்குமுன்னரே பறித்தாக வேண்டும். தழைகளோ பல வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்க்க எந்த வைத்தியராலும் இயலாது. ஆகவே மொட்டுகளை இடித்துப் பன்றிக் கொழுப்போடு பிசைந்து, பாத்திரத்தில் இட்டு மூடி, தழைகள் விளையும் வரையில் அப்படியே வைத்திருப்பார்கள்; பிறகு தழைகளையும் இடித்துச் சேர்த்து, திராட்சை மது வார்த்து, ஈரம் சுண்டும் அளவும் காய்ச்சி, துணியில் இட்டுப் பிழிந்து எடுப்பார்கள். வரும் களிம்பு பச்சை நிறமாக இருக்கும். கொழுப்பை வாரக்கணக்கில் வைத்திருந்தால் காறல் வாடை அடிக்காதோ என்று சமையலறை அறிந்தவர்கள் கேட்கக்கூடும். பாப்லர்ப் பிசினுக்கு அதைத் தடுக்கும் சக்தி உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருந்தாளர்கள் இதைக் கண்டறிந்து, வேறு பல பூச்சுகளுக்கும் இம்மொட்டு ஊறிய கொழுப்பையே அடிப்படையாகப் பயன்படுத்தலாயினர். காலம் இடைவிட்ட சங்கடத்துக்காகச் செய்த ஓர் ஏற்பாடு, மருந்தைக் கெடாமல் காக்கும் உபாயமாகவும் அமைந்துவிட்டது.

தீப்புண்ணுக்கும் மூலத்துக்கும் இதைப் பூசினார்கள். உறக்கம் வராதவர்களுக்கு நெற்றிப்பொட்டிலும் உள்ளங்காலிலும் தேய்த்தார்கள். 1618இல் லண்டன் வைத்தியர் சங்கம் லத்தீனில் வெளியிட்ட மருந்து நூலிலும் இது இடம்பெற்றது. அந்நூலை 1649இல் நிக்கோலஸ் கல்பெப்பர் சங்கத்தின் அனுமதியின்றி ஆங்கிலமாக்கியபோது, பாமரரும் இதன் பிரயோகத்தை அறிந்தனர்.

உறக்கம் தந்தது மொட்டு அன்று. பெயரையும் வாசனையையும் கெடாத தன்மையையும் அளித்தது மொட்டு. மயக்கத்தை அளித்தவை குரோசாணியும் மாண்டிரேக்குமே. அவற்றின் நஞ்சு கொழுப்பின் வழியே தோலுக்குள் புகும் இயல்புடையது. இதற்கு விசித்திரமான சாட்சியம் ஒன்றை ஸ்பெயின் தேசத்து வைத்தியர் அந்திரேஸ் லகுனா, பண்டைக் கிரேக்க வைத்தியர் தியோஸ்கோரிதீஸின் நூலுக்கு 1555இல் வெளியிட்ட உரையில் எழுதிவைத்திருக்கிறார். லொரேன் நாட்டில் சூனியக்காரர் என்று பிடிபட்ட கிழத் தம்பதிகளின் இருப்பிடத்தில், பாப்புலியோனைப் போன்ற பச்சைக் களிம்பு அரைச் சாடி அகப்பட்டது. வாசனையிலிருந்தே அது நச்சுத் தழைகளால் ஆனது என்று ஊகித்த லகுனா, அதில் சிறிது பெற்றுவந்து, கணவன்மேல் கொண்ட சந்தேகத்தால் உறக்கம் இழந்து தவித்த மெட்ஸ் நகரத்தில் மரண தண்டனை நிறைவேற்றுபவனின் மனைவிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசச் செய்தார். அவள் 36 மணி நேரம் உறங்கினாள். பெரும்பாடுபட்டு எழுப்பியபோது, இன்பக் கனவைக் கலைத்துவிட்டீர்களே என்று கோபித்துக்கொண்டதோடு, உன்னைவிட இளையவன் ஒருவனோடு கூடியிருந்தேன் என்று கணவனிடம் சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்தாளாம். சூனியக்காரிகள் தாம் கண்டதாகக் கூறுவனவெல்லாம் களிம்பினால் விளையும் கனவே என்று லகுனா முடிவு கட்டினார். நீதிமன்றங்கள் மனிதரை எரித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வைத்தியர் இவ்வாறு எழுதியது சாமானியமன்று. எனினும், அதே சேர்க்கைகள் அங்காடியின் அலமாரியில் இருந்தால் ஔஷதமாகவும், காட்டோரத்துக் குடிசையில் இருந்தால் குற்றமாகவும் கருதப்பட்டதைத்தான் நான் முக்கியமாகக் கவனிக்கிறேன். சாடிக்குள் இருந்ததைக் காட்டிலும் சாடியை வைத்திருந்தவர் யார் என்பதே வழக்கைத் தீர்மானித்தது.

மரமேறி மொட்டுப் பறித்தவர்கள், சேற்றில் இறங்கித் தழை கொய்தவர்கள் ஆகியோரின் பெயர்களை மருந்து நூல்கள் சொல்வதில்லை. 1551இல் மூலிகை நூல் வெளியிட்ட வில்லியம் டர்னர், வைத்தியர் மருந்துக்கடைக்காரரை நம்புகிறார், அவரோ தழை பறிக்கும் கிழவிகளை நம்புகிறார் என்று அதன் முன்னுரையில் குறைபட்டுக்கொண்டார். அவர் கண்டித்தது வைத்தியர்களின் அறியாமையை. ஆனால் எந்த மொட்டு எந்த வாரத்தில் பிசுபிசுக்கும் என்னும் அறிவு யாரிடம் இருந்தது என்பதும் அதனால் நமக்கு வெளிப்பட்டுவிட்டது. மனிதரை விட்டால் தேனீக்களும் அதை அறியும். தம் கூட்டின் விரிசல்களை அடைக்க அவை இம்மொட்டின் பிசினையே பெரிதும் சேகரிக்கின்றன.

பிரெஞ்சு அரசின் மருந்து நூல், நச்சுத் தழைகளோடு கூடிய பழைய முறையையே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வைத்திருந்தது. வட அமெரிக்காவிலோ அங்குள்ள பாப்லர் இனங்களின் மொட்டுகள் தனியே புகழ்பெற்று, இருமல் பாகிலும்கூடச் சேர்க்கப்பட்டன. இன்று அங்கே பொழுதுபோக்காகக் களிம்பு காய்ச்சுபவர்கள், புயலில் ஒடிந்து விழுந்த கிளைகளிலிருந்து மாசி, பங்குனி மாதங்களில் மொட்டைப் பறித்து, பன்றிக் கொழுப்புக்குப் பதிலாக ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்து, தேன்மெழுகு இட்டு இறுக்குகிறார்கள். நச்சுத் தழைகளை அறவே விட்டுவிட்டார்கள். ஆதலால் இக்களிம்பு எவரையும் உறங்கவைப்பதில்லை. வில்லோ மரப் பட்டையிலுள்ள சாலிசின் என்னும் பொருள் இம்மொட்டிலும் இருப்பதால், மூட்டுவலிக்கும் தசைப்பிடிப்புக்கும் இதைத் தேய்த்துக்கொள்கிறார்கள்.