உயிர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் பிள்ளை

தைப்பூச மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். அதைத் திருவருளின் கட்டளையாகவே ஏற்றேன். அடிகளாரின் வரலாற்றையோ தருமச்சாலையின் பெருமையையோ சன்மார்க்க அன்பர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா உயிரையும் உறவாகக் கொள்ளும் மனம் நம் இலக்கணத்திலேயே இருப்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களோடுதான் தொடங்குகிறது. மொத்தம் ஒன்பது பெயர்கள். ஆட்டுக்கு மறி, நாய்க்கும் புலிக்கும் குருளை, அணிலுக்கும் எலிக்கும் குட்டி, யானைக்குக் கன்றும் குழவியும், பறவைக்குப் பார்ப்பும் பிள்ளையும் எனப் பகுத்துச் செல்கிறார் ஆசிரியர். இவ்வியலுக்கு இளம்பூரணர் உரையும் உண்டு, பேராசிரியர் உரையும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது தனி இன்பம்.

என் நெஞ்சைத் தொட்டது ஓரறிவுயிருக்கு அவர் வகுத்த விதி. மரம் செடிகளுக்கும் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்கள் பொருந்தும். நெல்லும் புல்லும் மட்டும் விலக்கு. நம் பக்கத்துக் கொல்லையிலும் வயலிலும் இன்றும் இதுவே வழக்கு. தென்னம்பிள்ளை வைக்கிறோம், வாழைக்கன்று நடுகிறோம். நெல்லுக்கு நாற்று என்றுதான் சொல்கிறோம்.

அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்னும் பெயர்களையும் பாருங்கள். முதிர்ந்து நரைத்த கீரியும் கீரிப்பிள்ளைதான். இங்கே அந்த ஈறு இளமையைக் குறிக்கவில்லை. பாசத்தால் ஒட்டியது என்பது என் துணிபு.

மேல்நாட்டு விலங்கியலாரும் குடும்பப் பெயர்களை ‘இடே’ என்ற ஈற்றால் முடிப்பர். பூனைக் குடும்பம் ஃபெலிடே, நாய்க் குடும்பம் கேனிடே. பரங்கிப்பேட்டை வலையில் விழும் நீல நண்டு போர்ட்டுனிடே. டார்வினும் இடம்பெற்ற ஸ்ட்ரிக்லண்ட் குழு 1842-இல் இந்த ஈற்றைப் பரிந்துரைத்தது. கிரேக்கத்தில் இன்னாரின் வழிவந்தோர் என்று குறிக்கும் ஈற்றிலிருந்து வந்தது அது. அறிஞர் அவையில் விதியாக வகுத்த உறவை நம் உழவரும் தாய்மாரும் அன்றாடப் பேச்சிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமிதம்.

சங்கங்கள்தோறும் இளையோருக்கு மரபியலின் இப்பகுதியைப் பாடமாக வையுங்கள். உயிர்க்கொலை கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் அதே வகுப்பில் குருளையும் மறியும் பறழும் அவர்கள் நாவில் பழகட்டும். ஞானசபைக்கு வரும் வழியில் பார்க்கும் ஒவ்வோர் உயிரையும் அதற்குரிய பெயரால் சுட்டிக் காட்டும்படி பெற்றோரை அன்போடு வேண்டுகிறேன்.