ஜப்பான்காரன்: ஒரு சொல்லும் நம் ஊரும்



நாம் படித்த காலத்து ஆங்கில வகுப்பு நினைவிருக்கிறதா? 'ஜப்பானீஸ்' ஒருமையா, பன்மையா என்று கேட்டு ஆசிரியர் நம்மை எழுப்பி நிறுத்துவார். இரண்டும்தான். ஓர் ஆளானாலும் ஊரே ஆனாலும் ஆங்கிலத்தில் அதே சொல். அவர்கள் பேசும் மொழிக்கும் அதே சொல். சிறிய எழுத்தில் 'ஜப்பான்' என்று எழுதினால் மரச்சாமானுக்குப் பூசும் பளபளப்பான மெருகு. 'ஜாப்' என்று சுருக்கினாலோ அது வசைச்சொல்.

நம் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு.

என் பெரியப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1941 டிசம்பரில் ஜப்பான் படை கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அங்குள்ள தமிழர்கள் அதை 'ஜப்பான்காரன் காலம்' என்றே சொல்வார்கள். வாழைமரப் படம் போட்ட நோட்டுத்தான் அப்போது பணம். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, போர்க் கைதிகளோடு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்களைக் கொண்டு போனார்கள். அவர்களில் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர்களின் பெயரைக்கூட யாரும் முறையாக எழுதி வைக்கவில்லை. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பெரியப்பா திரும்பவில்லை. "ஜப்பான்காரன் கொண்டு போயிட்டான்" என்பார் அப்பாயி. அவருக்கு அது ஒருமைதான்; ஒரே ஒருவன் வந்து மகனைப் பிடித்துப் போனதுபோல.

பத்தே வருஷத்தில் அதே சொல் நம் வயலுக்கு வந்தது. 1953-இல் நாடு முழுவதும் 'ஜப்பான் முறை நெல் சாகுபடி' இயக்கம் தொடங்கியது. மேட்டுப்பாத்தி நாற்றங்கால், குறைந்த விதை, கயிறு பிடித்து வரிசை நடவு, தழை உரத்தோடு ரசாயன உரம், களை எடுக்க உருளைக் கருவி. புது ஆற்றுப் பாசனத்தில் அப்பா ஒரு மாவில் செய்து பார்த்தார். "அந்தப் பேரை வீட்டுக்குள்ள சொல்லாதடா" என்றாராம் அப்பாயி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது 'கயித்து நடவு'.

1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் நம் ஜி.ஈ.பி. 24-ஐயும் ஒட்டிப் பிறந்த ரகம். குறுவைக்கு அதைத்தான் போட்டார்கள். அந்த அரிசியை அப்பாயியும் சாப்பிட்டார். அதன் பூர்வீகத்தை அப்பா கடைசிவரை சொல்லவில்லை.

மகனைக் கொண்டு போன படையும், நெல்லைக் கொடுத்த விஞ்ஞானியும், வயலில் கயிறு பிடித்த உழவனும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் நிற்கிறார்கள். ஒரு நாட்டுப் பெயரைச் சொல்லும்போது அதில் யாரைச் சொல்கிறோம் என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அப்பாயியின் கோபமும் நியாயம். அப்பாவின் கயிறும் நியாயம்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் மலாயாக் கடிதங்கள் இருக்கலாம். திரும்பாதவர்களின் பெயரையும் ஊரையும் எழுதி அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். நம்மை விட்டால் எழுத வேறு ஆள் இல்லை.