தந்தைவழியே வந்த நாடின்மை

இலங்கை மலையகத்தின் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் வதிவிட உரிமை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், அவர்கள் அந்த மண்ணில் வாழ்ந்த வாழ்வைக் கொண்டு அல்லாமல் தந்தையரின் பத்திரங்களைக் கொண்டே அளக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், ஆள் திரட்டி மேற்பார்வையிட்ட கங்காணிகள் வழியே தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்களின் பிள்ளைகள், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் பிறந்து, வளர்ந்ததும் தோட்டத்தின் பெயரேட்டில் தொழிலாளராகப் பதிவாயினர். தொழிலாளராக அவர்களை ஏற்பதற்கு எந்தப் பூர்வீகச் சான்றும் கேட்கப்படவில்லை.

சான்று கேட்கப்பட்டது சுதந்திரத்திற்குப் பிறகுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் சேர்ந்தோ அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்பைப் பதியும் வழக்கமே தோட்டங்களில் அரிதாயிருந்த காலத்தில் பிறந்த தந்தையர்க்கு இச்சான்று எங்கிருந்து கிடைக்கும்? 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளில் பெற்ற வெற்றியும், 1949இல் அம்மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட வாக்குரிமையும் நினைவிலிருப்போர், இதைச் சட்டம் வரைந்தோரின் கவனக்குறைவு என்று கொள்ள முடியாது.

மாற்று வழியாக வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 சனவரி 1க்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வதிந்திருக்க வேண்டும் என்றும், ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருந்தால் அத்தொடர்ச்சி முறியும் என்றும் விதித்தது. 1936க்குப் பின் தோட்டத்திலேயே பிறந்த ஒரு பிள்ளை, ஒரு நாள்கூட வெளியேறாதிருந்தாலும், தன் பெயரில் அந்தப் பத்தாண்டை எட்டியிருக்க வழியில்லை. தந்தையின் விண்ணப்பத்தில் இணைக்கப்படுவதே அதற்கிருந்த வாய்ப்பு. அந்த விண்ணப்பம் தள்ளப்பட்டால், விசாரணை இழுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் வயதுவந்துவிட்ட மகனும் மகளும் தந்தையோடு நாடற்றவராயினர். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்து நான்காயிரம் பேர்தாம்.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், எஞ்சியோரை 9,75,000 எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுப்பதென்றும் பங்கிட்டது. 1974இல் அந்த மீதியும் சரிபாதியாக்கப்பட்டது. 1964 ஒப்பந்தத் தேதிக்குப் பின் பிறக்கும் குழந்தைகள் இத்தொகையில் சேரவில்லை. ‘இயற்கைப் பெருக்கம்’ என்ற பெயரில் பெற்றோர் சென்ற பக்கமே அவர்களும் சேர்க்கப்பட்டனர். இலங்கையையே கேட்டவர்கள் அதன் பங்கைவிட மிகப் பலராகவும், இந்தியாவைக் கேட்டவர்கள் அதன் பங்கைவிடக் குறைவாகவும் இருந்தது, மக்களின் விருப்பம் ஒப்பந்தத்தின் எண்களோடு எவ்வளவு பொருந்தாதிருந்தது என்பதைக் காட்டுகிறது.

ஒப்பந்தப்படி இந்தியா செல்வோரை ஏற்றிச் சென்ற தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் 1984இல் நின்றபின், இந்தியக் கடவுச்சீட்டோடு தோட்டங்களிலேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள், தாம் பார்த்திராத நாட்டின் பிரஜைகளாகவே வளர்ந்தனர். இலங்கையின் 1986, 1988 சட்டங்கள் முடிச்சைத் தளர்த்தின. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வதியும் இந்திய வம்சாவழியினரையும், இலங்கையில் வதியும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரஜைகளென ஏற்று, கடவுச்சீட்டு வைத்திருந்தோர்க்கும் ஒரு பிரகடனத்தின் மூலம் வழி திறந்தது.

இலங்கையின் உள்நாட்டுப் போரினால் தமிழக முகாம்களுக்கு வந்துசேர்ந்த மலையகக் குடும்பங்களின் நிலை வேறு: இந்தியாவில் 1987 சூலை முதல் பிறந்தோர்க்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருப்பதும், 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தோர்க்கு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதிருப்பதும் நிபந்தனையாகிவிட்டதால், முகாமில் பிறந்து வயதுவந்த பிள்ளைகளிடம் இங்கும் பெற்றோரின் பத்திரங்களே கேட்கப்படுகின்றன.