கணவாய் ரயில் (9): பாதை தெரியாத இன்ஜின்

புனலூர் யார்டில் ஒரு சரக்கு வண்டியை நிறுத்திவிட்டுச் சென்ற வாரம் விடைபெற்றோம். முன்னால் ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின். பின்னால் மூடிய வேகன்கள். கிழக்கே சஹ்யாத்ரி மலை. அதைத் தாண்டினால் செங்கோட்டை, தென்காசி, சங்கரன்கோவில், ராஜபாளையம், சிவகாசி, விருதுநகர். மழை தூறத் தொடங்கியிருந்தது. அப்போது எழுந்த கேள்வி இதுதான்: இந்த ஒரு இன்ஜின் போதுமா?

போதாது. ஏன் போதாது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்த மலைப்பாதையின் நூறாண்டு உழைப்பும் புரியும்.

மலையில் ஏறுவதற்கு முன் நம் ஊர்ப் பக்கம் ஒரு பார்வை. வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் பாசிமணிகளும் வெளிவந்தன. கடல் தெரியாத கரிசல் காட்டில் சங்கு கிடைக்கிறது என்றால், வழி ஒன்று இருந்திருக்கிறது, வண்டி ஒன்று வந்திருக்கிறது என்று பொருள். பாண்டி நாட்டிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பழைய வழிகளில் ஒன்று ஆரியங்காவுக் கணவாய். பொதிமாடுகள் நடந்த அந்தக் கணவாயில்தான் 1904-ல் தண்டவாளம் பதிந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை அரசாங்கமும் தென்னிந்திய ரயில்வேயும் சேர்ந்து செய்த வேலை. அந்த ஆண்டு ஜூன் மாதம் கொல்லத்திலிருந்து புனலூர் வரையும், நவம்பர் 26 அன்று செங்கோட்டை வரையும் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. முதல் இன்ஜின் பாகம் பாகமாகத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி, மேற்குக் கரையில் இறங்கி, மாட்டுவண்டிகளில் கொல்லத்துக்குப் போய் அங்கே பூட்டப்பட்டது என்று கொல்லத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மண். 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோதுதான் அது தமிழ்நாட்டுக்கு வந்தது. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே மலையைக் குடைந்த நீண்ட சுரங்கம் அன்றிலிருந்து மாநில எல்லையாயிற்று. வண்டி தமிழ்நாட்டில் இருட்டுக்குள் நுழைந்து கேரளத்தில் வெளிச்சத்துக்கு வரும்.

நம் பக்கத்துப் பாதை 1927-ல் விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாகத் தென்காசியைத் தொட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி ஐந்தாண்டுகூட ஆகாத காலம். தொழில் முளைவிட்ட உடனேயே ரயிலும் வந்து சேர்ந்தது. தீக்குச்சிக்கு வேண்டிய மென்மரம் மலைக்கு மேற்கே விளைகிறது. குச்சிமருந்து காய வேண்டிய வறண்ட வெயிலோ மலைக்குக் கிழக்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது அந்த மலை.

இனி புனலூர் யார்டுக்குப் போவோம்.

ஒரு டன்னுக்கு இருபது கிலோ

சமதளத்தில் ரயில் ஓடுவது ஆச்சரியமான சிக்கனம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகக் குறைவு. ஒரு டன் சுமையை மெதுவாக நகர்த்த நாலைந்து கிலோ இழுவிசை போதும். 500 டன் வண்டிக்கு இரண்டு, இரண்டரை டன் இழுவை.

அதே வண்டி மேடேறட்டும். கணக்குக்காக, ஐம்பது அடி போனால் ஓர் அடி உயரும் பாதை என்று வைத்துக்கொள்வோம். சாலையில் அது மேடென்றே தெரியாது. சைக்கிளில் போகிறவர் கொஞ்சம் அழுத்தி மிதிப்பார், அவ்வளவுதான். ரயிலுக்கு அது மலை. ஒவ்வொரு டன்னுக்கும் இருபது கிலோ இழுவை கூடுதலாக வேண்டும். 500 டன்னுக்குப் பத்து டன். இன்ஜின் தன் எடையையும் தானே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். வளைவுகளில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசும் தடை வேறு. எல்லாம் சேர்ந்தால் பதினான்கு டன்னுக்குப் பக்கத்தில் வரும். சமதளத்தில் வேண்டியதைப்போல ஐந்தாறு மடங்கு.

ஒய்டிஎம்-4 இதற்கு என்ன வைத்திருக்கிறது? அதன் பிறப்பிடம் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரம், ஆல்கோ நிறுவனம். 1960களின் தொடக்கத்தில் அங்கிருந்து கப்பலில் வந்தது. பிறகு கனடாவின் மான்ட்ரியல் தொழிற்சாலையும் அதே வடிவில் செய்து அனுப்பியது. 1968 முதல் வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலையிலேயே உருவானது. ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 1,350 குதிரைத்திறன், 72 டன் எடை, ஆறு அச்சுகள். ஆறிலும் மின்மோட்டார் உண்டு. டீசல் எரிந்து நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. டீசல் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் மின்சாரம் தரும், மின்சாரம் மோட்டார்களைச் சுற்றும்.

ஆனால் மலையில் குதிரைத்திறன் இரண்டாவது பேச்சுதான். முதல் பேச்சு பிடிமானம். காய்ந்த தண்டவாளத்தில் ஓர் இன்ஜின் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அளவுக்குத்தான் இழுக்க முடியும். அதற்கு மேல் விசை கொடுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். 72 டன்னில் கால் பங்கு 18 டன். நம் கணக்குப்படி வேண்டியது 14. காய்ந்த தண்டவாளமென்றால் ஒரே இன்ஜின் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஏறிவிடலாம்.

தூறல் விழுந்துவிட்டதே! ஈரத் தண்டவாளத்தில் பிடிமானம் பாதியாகச் சரியும். 18 டன் இருந்த இடத்தில் 9 டன். வேண்டியதோ 14.

சாரல் எனும் சோதனை

ஜூன் பிறந்ததும் குற்றாலத்தில் சாரல் விழும். நம் ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு அருவிக்குப் போவோம். அதே சாரல் ரயில் டிரைவருக்கு ஆண்டின் கடினமான காலம். கனமழை ஒரு வகையில் நல்லது, தண்டவாளத்தைக் கழுவிவிடும். பொடித் தூறல்தான் ஆபத்து. இலைச்சாறும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஈரத்தில் குழைந்து வழுக்கல் பூச்சாகப் படியும். நம் கரிசலின் வறட்சிதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் சாத்தியமாக்கியது. இங்கிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் ஈரமோ ஒரு முழு வண்டியைப் பாதி மலையில் நிறுத்திவிட வல்லது.

டிரைவர் கையில் இருந்த முதல் ஆயுதம் மணல். இன்ஜினில் மணல் பெட்டிகள் உண்டு. நெம்புகோலைத் தட்டினால் காற்றழுத்தத்தில் உலர்ந்த மணல் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் விழும். சக்கரம் அதை நொறுக்கிக்கொண்டே பிடித்து ஏறும். மணலில் ஈரம் ஏறினால் கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். ஷெட்டில் மணலைச் சலித்து, வறுத்து, காய்ந்தபடியே நிரப்பிய தொழிலாளியின் கவனத்தில்தான் மலை மேல் போகும் வண்டியின் விதி இருந்தது. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் பெரிய எழுத்தில் இல்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. மெதுவாக ஏறும்போது மோட்டார்களில் மின்னோட்டம் உச்சத்தில் ஓடும். கம்பிச்சுருள் சூடாகும். அம்மீட்டர் முள் சிவப்புப் பக்கம் சாய்ந்தால், அங்கே எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. மீறினால் மோட்டார் கருகும். இன்ஜின் சக்தியைக் கூட்டும் கைப்பிடிக்கு எட்டுப் படிகள். ஒரு படி ஏற்றும்போது டீசல் உடனே பாயும், டர்போ சுழன்று காற்றைக் கொண்டுவரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் எரியாத கரிதான் ஆல்கோ இன்ஜின்களின் தலையில் எழும் கரும்புகை. ரயில் ரசிகர்கள் படம் பிடிக்கத் துடிக்கும் அந்தக் காட்சி, டிரைவருக்கு ஒரு கணக்கு: எந்த வளைவில் ஏற்றுவது, எங்கே இறக்குவது.

இத்தனை திறமையும் சேர்ந்தால்கூட 9 டன் 14 டன் ஆகிவிடாது. வேறொன்று தேவை.

பின்னாலிருந்து ஒரு தோள்

புனலூர் யார்டில் இன்னோர் இன்ஜின் அசைகிறது. அது வண்டியின் தலைப்பக்கம் போகவில்லை, வாலுக்குப் போகிறது. கார்டு வண்டிக்குப் பின்னால் வந்து மெல்ல முட்டி நிற்கிறது. அதுதான் பேங்கர். மேடேறத் திணறும் பார வண்டிக்குப் பின்னாலிருந்து தோள் கொடுக்கும் ஆளைப்போல, இந்த இன்ஜின் வண்டியைத் தள்ளும்.

இரண்டு இன்ஜினையும் முன்னாலேயே பூட்டினால் என்ன என்று கேட்கலாம். வண்டியின் மொத்தப் பாரமும் முதல் வேகனின் கொக்கியில் தொங்கும். ஏற்றத்தில் அந்தக் கொக்கி அறுந்தால் பின்வேகன்கள் எல்லாம் மலையிலிருந்து பின்னோக்கி உருளத் தொடங்கும். பேங்கர் வாலில் நின்றால் பாரம் பாதியாகப் பங்கிடப்படும். கொக்கி அறுந்தாலும் பின்னால் ஒரு மலை அளவு காவல் நிற்கும். மும்பைக்கும் புணேவுக்கும் இடையே போர் கணவாயில் பாதை 1863-ல் திறந்தது. 37 அடிக்கு ஓர் அடி உயரும் அந்த ஏற்றத்தில் இன்றும் பேங்கர்கள் தள்ளுகின்றன. தள்ளும் இன்ஜின் மலை ரயிலின் உலகப் பொது ஏற்பாடு.

ஆனால் பேங்கர் டிரைவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் கண்ணுக்கு முன்னால் இருப்பது கார்டு வண்டியின் பின்சுவர். பாதை தெரியாது, சிக்னல் தெரியாது. முன்னவர் எதற்காக வேகம் குறைத்தார் என்பதும் தெரியாது. வளைவு வளைவாக ஓடும் பாதையில் முன் இன்ஜினே கண்ணில் படாது. அவருக்கு இருந்தவை இரண்டுதான். ஒன்று விசில். முன்னவர் ஊதுவார், பின்னவர் பதில் ஊதுவார். கிளம்புவதற்கும் தள்ளுவதற்கும் நிறுத்துவதற்கும் தனித்தனி ஓசை வரிசைகள். இன்னொன்று பிரேக் குழாயின் அளவுமானி. அந்நாளைய மீட்டர்கேஜ் வண்டிகளில் வெற்றிட பிரேக். வண்டி நெடுகிலும் ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வைத்தால் பிரேக் விடும், காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடிக்கும். முன்னவர் பிரேக் போட்டால் பின்னவரின் முள் சரியும்.

முன்னவர் நிறுத்த, பின்னவர் கவனிக்காமல் தள்ளினால்? நடுவில் சிக்கிய வேகன்கள் வளைவில் நெரிபட்டுத் தண்டவாளத்தை விட்டு வெளியேறும். முன்னவர் இழுக்க, பின்னவர் தாமதித்தால் கொக்கியில் சுமை பாயும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இருவரும் ஒரே மூச்சில் இயங்க வேண்டும். செங்கோட்டை மலையை வென்றது அமெரிக்க இன்ஜின் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது. வென்றது இந்த இருவருக்கு இடையிலிருந்த நம்பிக்கை. இந்தத் தொடரை நான் எழுதுவதே, முன்னால் ஓடிய இன்ஜினுக்குக் கிடைத்த பெயரில் பாதியாவது பின்னால் தள்ளியவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஏறியாயிற்று, இனி?

இடமண், ஒற்றக்கல், தென்மலை, கழுதுருட்டி, இடப்பாளையம், ஆரியங்காவு. நிலையம் நிலையமாக வண்டி ஊர்ந்து ஏறுகிறது. மேற்கிலிருந்து வரும் ஏற்றம் நெடியது, கிழக்குப் பக்கம் குறுகியது. நீராவிக் காலத்தில் நீண்ட சுரங்கத்துக்குள் புகையும் வெப்பமும் இன்ஜின் அறைக்குள் திரண்டு மூச்சை அடைக்கும். டீசல் அந்த வேதனையைக் குறைத்தது, முற்றிலும் போக்கவில்லை. சுரங்கத்தைத் தாண்டினால் பகவதிபுரம். காற்று மாறும், மரங்கள் குறையும். கிழக்கே நம் சமவெளி விரியும்.

ஏறியதும் நிம்மதி என்று நினைப்பது நாம்தான். ஏற்றத்தில் தவறினால் வண்டி நிற்கும். இறக்கத்தில் தவறினால் வண்டி நிற்காது. பிரேக் கட்டைகள் சக்கரத்தை அழுத்தி அழுத்திச் சூடேறும். சூடு கூடினால் பிடிப்பு குறையும். அதனால்தான் மலையிறங்கும் முன் பிரேக்கைச் சோதிப்பது எந்த மலைப்பாதையிலும் மீறக்கூடாத விதி. மேற்கே போகும் வண்டிக்கு நீண்ட இறக்கம் காத்திருக்கும். அப்போது பின்னால் தள்ளிய அதே இன்ஜின், பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும் இன்ஜினாக மாறும்.

இந்த இன்ஜின்களைப் பேணியது திருச்சி பொன்மலை. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து அங்கே பெயர்ந்த பணிமனையின் கைகள் ஒய்டிஎம்-4ஐப் பிரித்துப் பூட்டிப் பல பத்தாண்டுகள் ஓட வைத்தன. இந்தியாவில் மீட்டர்கேஜ் சுருங்கியபோது இதே வகை இன்ஜின்கள் மலேசியாவுக்கும் தான்சானியாவுக்கும் ஓடப் போயின. ஆல்கோ நிறுவனம் 1969-லேயே மூடப்பட்டது. அது வடித்த இன்ஜின் அதற்குப் பிறகு நாற்பதாண்டுகள் நம் மலையில் ஏறி இறங்கியது.

2010 செப்டம்பரில் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே மீட்டர்கேஜ் நிறுத்தப்பட்டது. அகலப்பாதை வர வேண்டும். சிவகாசி வழிப் பாதை முன்பே அகலமாகிவிட்டது. மேற்கே கொல்லம் முதல் புனலூர் வரையும் அகலமாகிவிட்டது. நடுவில் மலை மட்டும் மிச்சம்.

தண்டவாளத்தைப் பெயர்த்துவிடலாம். சுரங்கத்தை அகலமாக்கலாம். ஆனால் கழுதுருட்டி அருகே சாலையோரம் நிமிர்ந்து நிற்கும் பதிமூன்று கண் பாலத்தை என்ன செய்வது? கருங்கல் தூண்களின் மேல் பதிமூன்று வளைவுகள். நூறாண்டுக்கு முன் மீட்டர்கேஜ் வண்டிக்காகக் கட்டியது. ஒய்டிஎம்-4 அதன் மேல் ஏறியபோது ஓர் அச்சுக்கு 12 டன்தான் அழுத்தியது. வரப்போகும் அகலப்பாதை இன்ஜினோ 110 டன்னுக்கு மேல், ஓர் அச்சுக்கு ஏறக்குறைய 19 டன்.

பொறியாளர்கள் பாலத்தின் அடியில் வந்து நின்றார்கள். அவர்கள் முன் இரண்டே வழி. பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். இல்லாவிட்டால், 12 டன்னுக்குப் பழகிய கல்லை 19 டன் தாங்கச் செய்ய வேண்டும். அது முடியுமா?

(அடுத்த வாரம்: பதிமூன்று கண்களின் தீர்ப்பு)