தாகத்தால் வீழ்ந்த கடற்கோட்டை

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடல் நடுவில் நிற்கிறது போர்த்துக்கேயர் கட்டிய சிறு கோட்டை ஒன்று. ஒல்லாந்தர் அதற்கு இட்ட பெயர் ஹம்மன்ஹீல். பன்றித்தொடையின் குதிப்பகுதி என்பது பொருள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையாகவே தோன்றிற்றாம்! யானைகளைக் கப்பலேற்றிய துறையைக் காத்த கோட்டைக்கு வாய்த்த பெயர் இது.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டனர். சுற்றிலும் உப்புநீர்; உள்ளிருந்தோர் குடிப்பதற்கு மரத்தொட்டியிற் சேமித்த நீரே கதி. அத்தொட்டி சிதைக்கப்பட்டதும், நா வறண்ட போர்த்துக்கேயர் இரு வார அளவிற் சரணடைந்தனர்.

பிற்காலத்தில் கோட்டை சிறையாயிற்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் பிடிபட்டோரும் அங்கு அடைபட்டிருந்தனர். இன்றோ அது கடற்படையினர் நடத்தும் விடுதி. விருந்தினர் படகேறி அங்கு வருகின்றனர்.